விளையாட்டு பீரியடில் எடை மெஷினுக்கு என்ன வேலை?

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள் காலை, தட்டில் வைத்த இட்லியை அவள் தொடவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. “இன்னிக்கு பி.டி. பீரியட்ல வெயிட் பாக்குறாங்க சித்தி. சாப்பிட்டா கூடக் காட்டும்” என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வேன் ஏறினாள். முந்தின நாள் ராத்திரியும் அரைத் தோசையோடு எழுந்துவிட்டாள் என்று அக்கா பிறகு சொன்னாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் தன்னை எடைபோடப்போகிறார்கள் என்பதற்காகப் பட்டினி கிடந்து போகிறது.

அந்த இட்லித் தட்டு என்னை முப்பது வருடம் பின்னால் இழுத்துப் போனது. எட்டாம் வகுப்பு. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் எடை மெஷின். பி.டி. டீச்சர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வார். வகுப்புத் தலைவி பதிவேட்டில் எழுதுவாள். எழுதுகிறவளுக்குக் கேட்டால் போதும். ஆனால் டீச்சருடைய குரல் மைதானத்தில் இருநூறு பேரை ஒரே அதட்டலில் வரிசைப்படுத்திப் பழகிய குரல். நின்றிருந்த நாற்பத்தைந்து பேருக்கும் கேட்டது. என் முறை வந்தபோது, “முப்பத்தொண்ணு. வீட்ல சோறு போடறதில்லையா?” என்றார். எனக்குப் பின்னால் நின்றவள் என் நெருங்கிய தோழி. அவள் ஏறினாள். “ஐம்பத்தெட்டு.” டீச்சர் வேறெதுவும் சொல்லவில்லை. வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது. என்மேல் விழுந்த பார்வை அவள்மேல் போய்விட்டதே என்ற நிம்மதியில் சிரித்தேன். அன்று மதியத்திலிருந்து அவளுக்குப் பெயர் ‘ஐம்பத்தெட்டு’. பத்தாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கிக்கொண்டு போகும்வரை அதுதான் பெயர். அந்த இரண்டு வருடத்தில் அவள் எடை எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கும், பெயர் இறங்கவில்லை.

டீச்சர் கொடுமைக்காரர் அல்லர். விழுந்து முட்டி பெயர்ந்தால் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிடுகிறவர். பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓர் ஆசிரியருடைய குணம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் அதை அந்த வராந்தாவிலேயே விட்டுவிடலாம். முப்பது வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு பள்ளியில், அதே வரிசை நிற்கிறதே.

பிள்ளைகளின் உடம்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வீடு பேசுகிறது, தெரு பேசுகிறது, சினிமா பேசுகிறது, இப்போது கைப்பேசி ராப்பகலாகப் பேசுகிறது. ஆனால் வீட்டுப் பேச்சில் ஒரு தயவு உண்டு. ‘கண்ணுக்கு நிறைவா, பூசினாப்பல இருக்கா’ என்று பாட்டி சொன்ன அதே பெண்ணை, மறுவாரம் வந்த அத்தை ‘என்னடி இப்படி ஊதிட்டே’ என்பாள். ஒருத்தி பேச்சை இன்னொருத்தி பேச்சு வெட்டிவிடும். நம் மொழியில் உடம்பைச் சொல்ல எத்தனை சொற்கள்: ஒடிசல், நோஞ்சான், வாட்டசாட்டம், கட்டுமஸ்து, பூசினாற்போல, ஆகிருதி. இவற்றில் சில குத்தும், சில தடவிக்கொடுக்கும். எதுவும் கடைசித் தீர்ப்பு இல்லை. பள்ளிக்கூடம் பேசுவது வேறு மாதிரி. அது எண்ணாகச் சொல்கிறது, மை கொண்டு எழுதுகிறது, கையெழுத்தும் முத்திரையும் வைக்கிறது. கணக்கில் வாங்கிய மதிப்பெண் எப்படி உண்மையோ, அப்படியே இதுவும் உண்மை என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் உடம்பைப் பற்றிப் பேசும் அதிகாரம் உள்ள ஒரே வகுப்பு உடற்கல்வி வகுப்புதான். ஆகவே அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும், மற்ற இடங்களில் சொல்லப்படுவதைவிடக் கனம் அதிகம்.

அந்தக் கனத்தோடு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பதற்கு 2017 ஏப்ரலில் ஒரு சாட்சி வெளியே வந்தது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சிலவற்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பயன்பட்ட ஒரு தனியார் பதிப்பக உடற்கல்விப் புத்தகத்தின் பக்கம் அது. பெண்ணுக்கு மிகச் சிறந்த உடலமைப்பு 36–24–36 என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். உலக அழகிப் போட்டிகளில் இந்த அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதை அதற்குச் சான்றாகவும் காட்டியிருந்தார்கள். பெண்களின் இடுப்பெலும்பு அகலம் என்பதால் அவர்களால் சரியாக ஓட முடியாது என்றும் அதே புத்தகம் சொன்னது. கண்டனம் எழுந்தது. அந்த வகுப்புகளுக்குத் தனியார் புத்தகம் எதையும் தான் பரிந்துரைப்பதில்லை என்று வாரியம் விலகிக்கொண்டது. பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது. நாலு நாளில் செய்தி ஓய்ந்துவிட்டது.

எனக்கு ஓயவில்லை. அது அழகுக்குறிப்பு நூல் அல்ல. ஒரு பதினேழு வயதுப் பெண், தேர்வுக்காக, அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்யும் பாடம். இடுப்பு அகலமானால் ஓட முடியாது என்று படிக்கிற அந்தப் பெண்ணுக்கு, கேரளத்துப் பய்யோலியிலிருந்து வந்த பி.டி. உஷா 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் ஒலிம்பிக் பதக்கத்தைத் தவறவிட்ட கதையையல்லவா அந்தப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்?

அந்த ஒரு புத்தகத்தை விலக்கியாயிற்று. விலக்கப்படாதது இன்னொன்று இருக்கிறது. மேல்நிலை உடற்கல்விப் பாடத்திலும் உடற்கல்விப் பட்டப்படிப்பிலும் எண்டோமார்ஃப், மெசோமார்ஃப், எக்டோமார்ஃப் என்ற மூன்று சொற்கள் வரும்: உருண்டை உடம்பு, தசை உடம்பு, ஒல்லி உடம்பு. இவற்றை 1940களில் பரப்பியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். உடம்பின் வடிவத்தைப் பார்த்தே மனிதனின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கொள்கை. உருண்டையானவர் சுகவாசி, தசை உடம்புக்காரர் துணிச்சல்காரர், ஒல்லியானவர் கூச்ச சுபாவி. இதை நிறுவுவதற்கு, பெரிய பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை ஆடையின்றி நிறுத்தி எடுத்த படங்களை அவர் பயன்படுத்தினார். அந்தப் படங்களின் கதை 1995இல் பத்திரிகையில் வெளிவந்து அமெரிக்காவே அதிர்ந்தது. குணத்தைப் பற்றிய அவர் கொள்கையை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. மூன்று பெட்டிகள் மட்டும் பாடத்தில் தங்கிவிட்டன. தான் எந்தப் பெட்டி என்று கண்ணாடியைப் பார்த்து முடிவுசெய்வதற்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எடை மெஷினுக்குப் பின்னால் நிற்கும் பி.எம்.ஐ. என்ற கணக்குக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 1830களில் இதை உருவாக்கிய அடோல்ஃப் கெட்டலே மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளர், புள்ளியியலாளர். ஆயிரக்கணக்கானவர்களின் அளவுகளைக் கூட்டி ‘சராசரி மனிதன்’ எப்படியிருப்பான் என்று தேடியவர். ஒரு தனி ஆள் ஆரோக்கியமாக இருக்கிறானா என்று சொல்வதற்காக அவர் இதைச் செய்யவில்லை. ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1972இல்தான் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு அது நல்ல கருவி. ஒரு ஆளைப் பற்றிப் பேசும்போது அது எப்படித் தடுமாறும் என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே சேர்த்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. உடலிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடம்புகள். நன்கு வளர்ந்த ஆண்களிடமே இப்படியென்றால், ஒரே வருடத்தில் மூன்று நாலு அங்குலம் உயரும் பிள்ளையிடம் அந்த எண் என்ன சொல்லும்? குழந்தைகளுக்கு வயது, பால் வாரியான வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவர் மருத்துவர். விசிலும் கையுமாக நாற்பது நிமிடத்தில் நாற்பது பேரைப் பார்க்க வேண்டியவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

இன்று அது முறையான ஏற்பாடாகவே ஆகிவிட்டது. 2018 முதல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்வி கட்டாயம் என்றது. மனமார வரவேற்க வேண்டிய முடிவு. 2019 வாக்கில் வந்த கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், புஷ்–அப், உட்கார்ந்து முன்வளைதல் எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் பி.எம்.ஐ.யும் ஒன்று. மற்றவை எல்லாம் பிள்ளை செய்பவை. ஓடலாம், பழகலாம், அடுத்த தடவை நாலு நொடி குறைக்கலாம். பி.எம்.ஐ. பிள்ளை செய்வது அல்ல; பிள்ளை இருப்பது. இரண்டையும் ஒரே தாளில், ஒரே தேர்வு போல எழுதும்போது, ‘நீ இப்படி இருப்பதே ஒரு தோல்வி’ என்று சொல்லாமல் சொல்கிறோம்.

பள்ளியில் எடைபார்த்து வீட்டுக்குச் சொல்லியனுப்பினால் பிள்ளைகள் இளைப்பார்களா? நல்லெண்ணத்தோடுதான் பல நாடுகள் இதைச் செய்தன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் 2014 முதல் 2017 வரை இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 79 பள்ளிகள், 28,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். சில பள்ளிகளில் எடைபார்த்து, பெற்றோருக்கு அறிக்கை அனுப்பினார்கள். சிலவற்றில் எடைபார்த்ததோடு சரி. சிலவற்றில் எடையே பார்க்கவில்லை. அறிக்கை போன வீடுகளில் பிள்ளைகளின் எடை குறையவில்லை. ஆனால் எடைபார்த்த பள்ளிகளில், பிள்ளைகள் தங்கள் உடம்பின்மீது கொண்ட அதிருப்தி கூடியது. சக மாணவர்களிடையே எடையைப் பற்றிய பேச்சும் கூடியது. ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்த வராந்தாதான் நினைவுக்கு வந்தது. கிடைக்கும் என்று எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை. யாரும் எதிர்பாராத காயம் மட்டும் ஏற்பட்டது.

நமக்கு நெருக்கமான இன்னொரு கதை சிங்கப்பூரில் நடந்தது. அங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். 1992இல் பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்ற திட்டம் வந்தது. சுருக்கமாக ‘டாஃப்’. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் ‘ஃபேட்’, அதாவது குண்டு. பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தார்கள். மற்றவர்கள் கேன்டீனில் சாப்பிடும் இடைவேளையில் இவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். எண்களைப் பார்த்தால் திட்டம் தோற்றது என்று சொல்ல முடியாது. எடை கூடிய மாணவர் விகிதம் குறையத்தான் செய்தது. ஆனால் கேலியும் தனிமைப்படுத்தலும் பற்றிய முறையீடுகள் ஓயவில்லை. 2007இல் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு, எல்லா மாணவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முழுமையான ஆரோக்கியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அன்று மைதானத்தைச் சுற்றி ஓடியவர்கள் இன்று நாற்பது வயதை ஒட்டியவர்கள். பலர் அதை இப்போதும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். ஓடிய தூரத்தையோ குறைந்த கிலோவையோ அவர்கள் பேசுவதில்லை. கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களைப் பார்த்த பார்வையைப் பேசுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு நியாயமான கேள்வி எழும்: அப்படியானால் பிள்ளைகளை நிறுத்தே பார்க்க வேண்டாமா? அப்படிச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. பசி என்னவென்று தெரிந்த நாடு இது. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயதுவரை உள்ள இந்தியப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் வயதுக்குத் தகுந்த எடையில்லாமல் மெலிந்திருந்தார்கள். எடை கூடியவர்கள் 5 சதவீதம். தமிழ்நாட்டுப் பெரியவர்களைப் பற்றி தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இல் சொன்னது வேறு: பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். ஒரே வீட்டில் மெலிந்த பிள்ளையும் எடை கூடிய தாயும் இருக்கும் காலம். காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகளின் உடம்பில் என்ன செய்தன என்று அறிய, எடைபோட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் எடைபோடுவது மருத்துவ வேலை. 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் வேனில் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. ஒரு அறை, ஒரு திரை, ஒரு செவிலியர், ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதி, கவலைப்பட ஏதாவது இருந்தால் பெற்றோரை மட்டும் கூப்பிட்டுச் சொல்லலாம். காதில் சீழ் இருக்கிறதா, பல்லில் சொத்தையா என்று பார்ப்பதுபோல. யாருடைய சொத்தைப் பல்லையும் வகுப்பில் எழுந்து நின்று படிப்பதில்லையே. எடையைப் பற்றி மட்டும் ஏன் அந்த அடக்கம் நமக்கு இல்லாமல் போனது? எடை என்பது நோயாக இல்லாமல் ஒழுக்கமாக நம் மனதில் பதிந்துவிட்டது. குண்டாக இருந்தால் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவன். ஒல்லியாக இருந்தால் வக்கில்லாத வீட்டுப் பிள்ளை. அந்தத் தீர்ப்பைப் பள்ளியும் தன் வாயால் சொல்லும்போது பிள்ளை முழுமையாக நம்பிவிடுகிறது.

மைதானத்துக்கு வருவோம். அங்கே பெண் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆறாம் வகுப்புவரை ஓடிக்கொண்டிருந்தவர்கள் எட்டாம் வகுப்பில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். காரணம் ஒன்றல்ல. வயதுக்கு வந்தபின் மார்பு அசையும் என்ற கூச்சம். அதற்கேற்ற உள்ளாடையைப் பற்றி வீட்டிலும் பேச்சில்லை, பள்ளியிலும் பேச்சில்லை. சுடிதாரின் மேலே ஓவர்கோட் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது ஓடுவதற்காகத் தைத்த உடை அல்ல. பையன்கள் பார்க்கிறார்கள். மாதவிடாய் நாளில் மாற்றிக்கொள்ளக் கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்ற கவலை. எல்லாவற்றுக்கும் மேலே வெயில். “வெயில்ல ஆடிக் கறுத்துப் போயி வராதடி, நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று சொல்லாத வீடு நம் ஊரில் எத்தனை? ஒரு பெண் ஓடுவதை நிறுத்துவதற்கு அவள் தோலின் நிறத்தையே காரணமாக்கும் சமூகத்தில், அதை மறுத்துச் சொல்லவேண்டிய ஒரே வகுப்பு உடற்கல்வி வகுப்பு. அது பெரும்பாலும் மௌனமாக இருக்கிறது. ‘வயித்து வலி சார்’ என்றால் சரி, போய் உட்கார் என்கிறது. அந்த அனுமதி கருணைதான். ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து கொடுக்கப்படும்போது, ஓடுவது உன் உடம்புக்கு உரியதல்ல என்ற பாடமாக அது மாறுகிறது.

பையன்களைப் பற்றி நாம் இன்னும் குறைவாகப் பேசுகிறோம். பதின்மூன்று வயதில் மீசை அரும்பாத பையன், பக்கத்தில் தோள் விரிந்து நிற்பவனைப் பார்க்கிறான். பெண்களுக்கு வளர்ச்சி வேகம் உச்சம் தொடுவது ஏறக்குறைய பதினொன்று, பன்னிரண்டு வயதில். பையன்களுக்கு அதிலிருந்து இரண்டு வருடம் கழித்து. அதிலும் ஒருவருக்கு முந்தும், ஒருவருக்குப் பிந்தும். ஒரே வகுப்பில், ஒரே வயதில், இரண்டு மூன்று வருட வித்தியாசமுள்ள உடம்புகள் உட்கார்ந்திருக்கும். எல்லோரையும் ஒன்றாகப் படுக்கவைத்து புஷ்–அப் எண்ணினால், பையனின் முயற்சியை நாம் எண்ணவில்லை. அவனுக்குப் பருவம் எப்போது வந்தது என்பதை எண்ணுகிறோம். இரண்டுக்கு மேல் எழ முடியாதவன் தன் உடம்பில் ஏதோ குறை என்று முடிவுகட்டுகிறான். சில வருடம் கழித்து, ஜிம் வாசலில் மாவு டப்பாவோடு நிற்கும்போது, அந்த மைதானத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவிலும் இந்தப் புண் உண்டு. 1966இல் தொடங்கிய குடியரசுத் தலைவர் உடற்தகுதித் தேர்வில், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கி மேலேற முடியாமல் நின்ற பிள்ளைகள் கிழவர்களான பின்னும் அதை மறக்கவில்லை. 2013 வாக்கில் அதைக் கைவிட்டார்கள். 2025இல் மறுபடி கொண்டுவர ஆணை பிறந்திருக்கிறது.

பருவத்தின் இந்த முன்பின் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அரைமணி நேரம் போதும். பெண்ணுக்கு இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை வைப்பது அவள் உடம்பு சரியாக வேலை செய்வதன் அடையாளம் என்று ஒரு தடவை ஒரு டீச்சர் உரக்கச் சொன்னால், எத்தனை இட்லித் தட்டுகள் காலியாகும்! அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவம் ஒரு பாடமாக இருக்கிறது. பல வகுப்பறைகளில் அதை ‘வீட்ல படிச்சுக்கங்க’ என்று தாண்டிப் போகிறார்கள். மைதானத்தில் அது பாடமாகவே இல்லை.

உடற்கல்வி ஆசிரியர்கள்மீது பழிபோட எனக்கு மனமில்லை. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி 1920இல் சென்னையில்தான் தொடங்கியது, ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஹாரி க்ரோ பக் நிறுவியது. அப்படிப்பட்ட மரபுள்ள மாநிலத்தில், பொதுத்தேர்வு வகுப்பு என்றால் பி.டி. பீரியட் கணக்கு டீச்சருக்குப் போய்விடும். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒருவர். அசெம்பிளிக்கு வரிசை, விழாவுக்குப் பந்தல், தாமதமாக வருகிறவர்களுக்குக் கண்டிப்பு எல்லாம் அவர் தலையில். மிச்ச நேரத்தில் மாவட்டப் போட்டிக்குப் போகும் பதினைந்து பேரைத் தயார்செய்கிறார், ஏனெனில் பள்ளி அவரிடம் கேட்பது கோப்பை. மற்றவர்கள் பார்வையாளர்கள். உன் உடம்பு பார்ப்பதற்கு மட்டும் லாயக்கு என்று ஐந்தாறு வருடம் தினமும் கேட்டு வளர்கிற பிள்ளைகள்.

அதே மைதானத்தில், அதே ஆசிரியர்கள் வேறொன்றும் செய்திருக்கிறார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய பையனை, நீ ஓரமாக உட்கார் என்று அவன் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் சொல்லியிருக்கலாம். அனுதாபத்தோடு சொல்லியிருந்தால் ஊரே பாராட்டியிருக்கும். அவர் அவனிடம் ஒரு தாவும் சக்தியைப் பார்த்தார், உயரம் தாண்ட வைத்தார். மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் உயரம் குறைந்தவர்களுக்கான பாட்மின்டன் பிரிவில் 2024இல் பாரிஸிலிருந்து வெண்கலத்தோடு திரும்பினார். பதக்கம் எல்லோருக்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. அந்த ஆசிரியர் அவனிடம் கேட்ட கேள்வியைத்தான் சொல்கிறேன். ‘இந்த உடம்பு எப்படியிருக்கிறது’ என்று அவர் கேட்கவில்லை. ‘இந்த உடம்பால் என்ன முடியும்’ என்று கேட்டார்.

என் தோழிக்கும் அப்படி ஒரு மதியம் வாய்த்தது. ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டு விழா, ஹவுஸ்களுக்கிடையே கயிறு இழுக்கும் போட்டி. பி.டி. டீச்சர் அவளைக் கடைசி ஆளாக நிறுத்தி, கயிற்றை உடம்பில் சுற்றிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, “நீ நின்னாப் போதும், கயிறு நகராது” என்றார். நின்றாள். நகரவில்லை. பச்சை ஹவுஸ் பிள்ளைகள் எட்டுப் பேர் குதிகால் மண்ணில் உழுதுகொண்டு எங்கள் பக்கம் வந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்ததை எல்லோரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினாள். ஐம்பத்தெட்டு என்று அன்று யாரும் கூப்பிடவில்லை. அவளை அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். குண்டு எறிதல், கபடி, பளுதூக்குதல், மலையேற்றம், நீண்ட நடை, சிலம்பம், கும்மி, யோகா — எத்தனை விதமான உடம்புகளுக்கு எத்தனை விதமான வேலைகள் நம்மிடம் இருக்கின்றன. ஓட்டமும் கிரிக்கெட்டும் மட்டுமே விளையாட்டு என்று சுருக்கிக்கொண்டதால், பாதிப் பிள்ளைகளுக்கு அந்த மதியம் வாய்க்காமலே போகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எடை மெஷினை விளையாட்டு அறையிலிருந்து எடுத்து மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். உடற்தகுதி அட்டையில் பி.எம்.ஐ. கட்டத்தை நீக்குங்கள், போன தடவையைவிட இந்தத் தடவை எவ்வளவு தூரம் ஓடினாய் என்பதை மட்டும் எழுதுங்கள், அடுத்தவனோடு ஒப்பிடாமல். பெண் பிள்ளைகளுக்கு ஓடுவதற்கேற்ற உடையைக் கொடுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வரட்டும். பி.எட்., பி.பி.எட். படிப்பில், பிள்ளையின் உடம்பைப் பற்றி எதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று ஒரு பாடம் வையுங்கள். ஒரு அரசாணையில் அடங்கிவிடக்கூடியவை இவற்றில் பாதி.

அன்று சாயங்காலம் அக்கா மகள் வேனிலிருந்து இறங்கியதும் நேரே அடுக்களைக்குப் போனாள். காலையில் வைத்த இட்லி ஆறிப்போய் அப்படியே இருந்தது. நின்றபடியே நாலு இட்லி சாப்பிட்டாள். எடை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. “பி.டி. பீரியட்ல இன்னிக்கு என்ன ஆடினீங்க?” என்று கேட்டேன்.

“எங்க ஆடறது சித்தி? நாப்பத்திரெண்டு பேருக்கும் வெயிட் பாத்து எழுதறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க” என்றாள்.